ஓல்டனில் வெள்ளி முகமூடி

சுவிட்சர்லாந்தில், ஓல்டன் ரயில் நிலையத்துச் சிற்றுண்டிக் கடையில் பேர்ன் ரயிலுக்காகக் காத்திருக்கிறேன். அடுத்த மேசையில், தலை முழுவதையும் மூடும் வெள்ளி முகமூடியோடு ஒருவர் சூப்பின் முன் உட்கார்ந்திருக்கிறார். பெரிய தோள்கள். சுவர்ப்பக்கம் திரும்பி, முகமூடியை மூக்குக்கு மேல் தூக்கிக்கொண்டு குடிக்கிறார். கண்ணாடித் தடுப்பில் பிரதிபலிக்கும் அந்தப் பாதி முகத்தைக் கைபேசியில் பிடித்துவிட்டு, சென்னையில் இருக்கும் மனைவியிடம் போனில் சிரிக்கிறேன்: "சூப் குடிக்கிற கோமாளி ஒருத்தர். படம் அனுப்புறேன், பாரு."

"அனுப்பாதேங்கோ, அண்ணை."

முகமூடிக்காரருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கும் இளம்பெண் சொல்கிறாள். அவளுக்குத் தமிழ் தெரியும் என்று நான் நினைக்கவேயில்லை.

"இவர் மெக்சிக்கோ முகமூடி மல்யுத்தக்காரர். இஞ்ச நான்தான் மொழிபெயர்க்கிறன். முகம் வெளியில தெரிஞ்சால் பேரும் போச்சு, தொழிலும் போச்சு. தாயின்ர செத்தவீட்டிலயும் இதைப் போட்டுக்கொண்டுதான் நிண்டவராம்."

போனை வைத்துவிட்டு அவள் கண்முன்னே படத்தை அழிக்கிறேன். "மன்னிச்சிடும்மா" என்பது சரியாக வெளியே வரவில்லை.

அவள் அவரிடம் ஸ்பானிய மொழியில் ஏதோ சொல்கிறாள். அவர் முகமூடியைத் தாடைவரை இழுத்துவிட்டு எழுந்து வருகிறார். என்னைத் திட்டப்போகிறார் என்று நினைக்கிறேன். என் தோளில் கைபோடுகிறார்.

"படம் வேணுமெண்டால் சேர்ந்து எடுப்பமாம்."

என் கைபேசியிலேயே எடுக்கிறாள். அவர் அதை வாங்கிப் பார்த்துத் தலையாட்டி மறுக்கிறார்.

"இன்னொருக்கா எடுக்கட்டாம், அண்ணை. நீங்கள் குனிஞ்சு நிக்கிறியளாம். உங்கட முகம் தெரியேல்லையாம்."