எடுக்காத குடல்வால்

வயிற்றைத் திறந்தாயிற்று. குடல்வால் வீக்கமோ சீழோ இல்லாமல் நல்லபடியாக இருக்கிறது. எடுப்பதா, விடுவதா? எழுபதுகளில் எங்களுக்கு ஸ்கேன் ஏது? வலது அடிவயிற்றில் கை வைத்தால் நோயாளி துள்ளுகிறாரா, கத்தியை எடு, அவ்வளவுதான்.

அன்று துள்ளியவள் ராசம்மா. பள்ளிபாளையத்துக்காரி, கல்யாணமாகி ஆறு மாதம். குடலை ஒட்டி நெறி கட்டியிருந்ததுதான் வலிக்குக் காரணம். அது தானாக வடிந்துவிடும். நானோ அரசு ஆஸ்பத்திரிக்குப் புது சர்ஜன். நல்ல உறுப்பை வெட்டுவது கசாப்பு வேலை என்று பேசித் திரிந்த ஆள்.

தியேட்டர் சிஸ்டர் சொன்னார்: "எடுத்துருங்க சார். இந்தத் தழும்பைப் பாத்தா, நாளைக்கு எந்த டாக்டரும் எடுத்தாச்சுன்னுதான் நெனப்பாங்க."

"எனக்கே பாடம் நடத்துறீங்களா?" என்று எரிந்து விழுந்துவிட்டு, தைத்து மூடினேன்.

அங்கே ஒரு வழக்கம். வெட்டி எடுத்ததைக் கிட்னி ட்ரே என்கிற வளைந்த தட்டில் வைத்து, வெளியே நிற்கும் சொந்தக்காரர்களிடம் காட்ட வேண்டும். அன்று காட்ட ஒன்றுமில்லை. அவள் புருஷன் சின்னுசாமி, தறி ஓட்டுகிறவர், ஓடி வந்தார்.

"எடுத்தாச்சுங்களா டாக்டர்?"

வயிற்றைக் கிழித்துவிட்டு ஒன்றும் எடுக்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எல்லாம் சரி பண்ணியாச்சு, போங்க" என்றேன். உண்மையைக் கேஸ் ஷீட்டில் மட்டும் எழுதினேன். அது ரெக்கார்ட் ரூமுக்குப் போய்விட்டது.

ஆறு வருஷம் கழித்து ராசம்மாவை டாக்சியில் போட்டுக் கொண்டுவந்தார் சின்னுசாமி. வயிறு பலகையாக இறுகியிருந்தது. அவர்கள் ஊர் டாக்டர் தழும்பைப் பார்த்து விசாரித்திருக்கிறார். "கொடலுவாலு அப்பவே எடுத்தாச்சுங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். டைபாய்டு என்று நாலு நாள் மருந்து. அந்த டாக்டரை நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

திறந்தேன். உள்ளே முழுக்கச் சீழ். நான் விட்டுவைத்த குடல்வால் அழுகி வெடித்திருந்தது. அதே சிஸ்டர்தான் ட்ரேயை நீட்டினார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், மகராசி.

இந்தத் தடவை ட்ரேயை நானே வெளியே கொண்டுபோனேன்.

"இதென்னுங்க?"

"குடல்வால்."

சின்னுசாமி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மறுக்காவும் மொளச்சிருச்சுங்களா சாமி?"

ஆமாம் என்றிருந்தால் நம்பியிருப்பார். ஐயோ, அந்த நம்பிக்கையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இல்லீங்க. அன்னைக்கு நான் எடுக்கவே இல்லை" என்றேன்.

மூன்றாம் நாள் ராசம்மா போய்விட்டாள்.

எடுப்பதா விடுவதா என்று இன்றைக்கும் சர்ஜன்கள் சண்டை போடுகிறார்கள், போடட்டும். புதிதாகக் கத்தி பிடிக்கும் பிள்ளைகளே, எதைச் செய்தாலும் அதை வாய் திறந்து சொல்லுங்கள், சீட்டில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுங்கள். எனக்கு இது தெரிய ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

உடம்பை வாங்கிக்கொண்டு போகும்போது சின்னுசாமி கோபப்படக்கூட இல்லை. நின்று கேட்டார்: "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, அந்த டாக்டருகிட்ட நானே சொல்லியிருப்பனுங்களே?"