காரணம் எழுதும் கட்டம்

யுத்தம் முடிந்த வருடம் கல்முனைக் கரையில் ஒரு தையல் பயிற்சி நிலையத்தில் எனக்கு மீற்றர் பார்க்கும் வேலை கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு உதவியில் எழும்பிய பசுமைக் கட்டடம் அது. விளக்குக்கு ஒன்று, மின்விசிறிக்கு ஒன்று, தையல் மெஷினுக்கு ஒன்று என்று மூன்று மீற்றர். தினமும் லுஹர் தொழுகைக்கு முன் மூன்றையும் பார்த்துக் கொப்பியில் எழுத வேண்டும். ஒரு வருட மின்சாரப் பாவனை சொன்ன அளவுக்குள் இருந்தால்தான் பசுமைச் சான்றிதழ். அது கிடைக்காவிட்டால் என் வேலையும் இல்லை. வீட்டில் சம்பளம் எடுப்பவள் நான் ஒருத்திதான்.

மின்விசிறி மீற்றர் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. கட்டடத்துக்குப் படம் கீறியவர்கள் கடல் பக்கம் முழுக்க யன்னல் வைத்திருந்தார்கள். கடற்காற்று வந்தால் மின்விசிறி எதற்கு என்பது அவர்கள் எண்ணம். கொழும்பில் இருந்து யோசித்தால் நல்ல எண்ணம்தான். எங்கள் பெண்கள் அந்த யன்னல்களை ஒருநாளும் திறக்கவில்லை. மின்விசிறிகள் காலை முதல் மாலை வரை சுழன்றன. பாவனை கூடினால் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. வருடம் முழுக்க அதில் ‘கச்சான் வெக்கை’ என்று எழுதினேன். கச்சான் என்பது கோடையில் வீசும் சுடுகாற்று. மாரி மழையிலும் அதையே எழுதினேன். எனக்கு வேறு பொய் வரவில்லை.

வருடக் கடைசியில் சரிபார்க்க ஒரு பொறியியலாளர் வந்தார். தன்மையான மனிதர். அதனாலேயே எனக்குப் பயம் கூடியது. கொப்பியைப் புரட்டி, “டிசம்பர் மழையிலயும் கச்சானா தங்கச்சி?” என்று கேட்டார். “சரி, ஒரு மணித்தியாலம் யன்னலத் திறந்து, ஃபேன நிப்பாட்டிப் பாப்பம்” என்றார்.

கூடத்துக்குப் போய்ச் சொன்னேன். எல்லோருக்கும் மூத்தவர், நாங்கள் ராத்தா என்று கூப்பிடுபவர், இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்தவர். துணியிலிருந்து கண்ணெடுக்காமல், “உனக்கு வேல போயிருமெண்டா தொற புள்ள. ஒரு மணித்தியாலம்தானே” என்றார். திறந்தேன். காற்று வந்தது. கூடவே இரைச்சலும் வந்தது.

மீற்றர் அறைக்கு ஓடினேன். மின்விசிறி மீற்றர் அசையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்தேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன். அப்போது பொறியியலாளர் பக்கத்து மீற்றரைத் தட்டினார். “மெஷின் மீற்றரும் நிக்குதே. ஆக்கள் வேல செய்யல்லையா?”

இருவரும் போய்ப் பார்த்தோம். துணிகள் மெஷினில் பாதித் தையலில் கிடந்தன. பெண்கள் எல்லோரும் கதிரையில் கால்களை மடித்துத் தூக்கி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்கள். மெஷினை மிதிக்க ஒரு காலும் கீழே இல்லை.

“காலக் கீழ வைக்க ஏலாம இரிக்கு புள்ள” என்றார் ராத்தா. “வைக்கத்தான் பாக்கிறன்.”

யாரையும் கேட்காமல் யன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்து மூடினேன். மின்விசிறிகளைப் போட்டேன். ஒரு கால் இறங்கியது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. மெஷின்கள் ஓடத் தொடங்கின.

அன்றைய கட்டத்தில் ‘யன்னலைத் திறந்தால் கடல் கேட்கிறது’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் நின்று வாசித்துவிட்டுக் கீழே கையெழுத்து வைத்தார்.

“உங்களுக்கும் அப்பிடியா?”

“இல்ல சேர்” என்றேன்.

சான்றிதழ் வரவில்லை. மாதக் கடைசியில் மீற்றர் அறைச் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கட்டடத்தில் யன்னல் இல்லாத அறை அது ஒன்றுதான். அதற்காகத்தான் அந்த வேலையை நான் கேட்டு வாங்கியிருந்தேன்.