பெர்பெரின் அறிவித்தலில் நான் எழுதாமல் விட்டது

"ஐயா, தீட்டு நிண்டு ஆறு வருசம். இப்ப திரும்ப இரத்தம் படுது. கிளினிக்குக்குப் போகவோ, இந்தக் குளிசையையே குடிக்கவோ?"

கனகராயன்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்த பவளம், வவுனியாவில் நான் மருந்தாளராக இருந்த பாமசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார். பருமனான உடம்பு, நீரிழிவும் இருந்தது. இப்படிப்பட்டவருக்கு மாதவிடாய் நின்றபின் இரத்தம் பட்டால் முதலில் கருப்பைப் புற்றுநோயைச் சந்தேகிக்க வேண்டும். எனக்கு அது தெரியும். படித்தவன்.

ஆனால் அவருக்கு முன்னால் கண்ணாடியில் என் கையெழுத்தில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் கொழுப்பைக் கரைக்கும், உடற்பருமனால் வரும் புற்றுநோயைத் தடுக்கும் என்று. அதை நம்பித்தான் பவளம் அந்தக் குளிசையை எங்களிடம் வாங்கிக் குடித்துவந்தார். குளிசைப் போத்தலோடு வந்த ஆங்கிலத் துண்டு அப்படிச் சொல்லவில்லை. எலிகளில் அப்படி ஒரு சாத்தியம் தெரிகிறது, மனிதரில் இன்னும் உறுதியில்லை என்றுதான் சொன்னது.

அந்த அறிவித்தலை நான் தமிழில் எழுதியபோது முதலாளி எட்டிப் பார்த்தார்.

"எலியைப் போடாதையுங்கோ அண்ணை. சனம் எலிமருந்தெண்டு நினைச்சிடும்."

சிரித்துக்கொண்டே எலியை எடுத்தேன். அதோடு 'உறுதியில்லை' என்பதும் போனது.

பவளம் கேட்ட அன்று அவருக்கு உண்மையைச் சொல்ல அரை நிமிடம் போதும். முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு மாதம் குடிச்சுப் பாருங்கோ அம்மா" என்றேன்.

நான்கு மாதம் குடித்தார். பிறகு ஆஸ்பத்திரியில் கருப்பையை எடுத்தார்கள். நோய் அதற்குள் கருப்பைக்கு வெளியே பரவிவிட்டிருந்தது. இப்போதும் சிகிச்சைக்குப் போய் வருகிறார்.

மெலிந்துபோய் ஒருநாள் கடைக்கு வந்தார். "அந்த இங்கிலீசுத் துண்டை முழுக்க வாசிச்சுச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

"எலியைப் பார்க்கவாவது டொக்டர்மார் நிண்டிருப்பினம். எனக்கு நீங்கள்தானே நிண்டனீங்கள்."

அவர் போனதும் முதலாளியிடம் சத்தம் போட்டேன்.

"எழுதினது நீங்கள்தானே அண்ணை?" என்றார் அவர். கொதித்தது. ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. அன்றே வேலையை விட்டேன் என்று எழுத ஆசைதான். விடவில்லை. அறிவித்தலைக் கிழித்துவிட்டு, ஓய்வு பெறும்வரை அங்கேயே நின்றேன்.

பெர்பெரின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆராயட்டும், நாளை மருந்தாகவும் வரலாம். ஆராய்ச்சி முடியுமுன் நோயாளியின் கையில் அதை வைத்து விற்கிறவர்கள் மேல்தான் கோபம். அந்த வரிசையில் முதலில் நிற்பவன் நான்.

பாமசிகளில் வேலை செய்யும் பிள்ளைகளே, இப்படி ஒரு பெண் உங்களிடம் வந்து கேட்டால், எதையும் விற்காதீர்கள். டொக்டரிடம் அனுப்புங்கள். அன்றைக்கே அனுப்புங்கள்.