நடுத்தண்டு இல்லாத படம்

வத்சலா போய்விட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்றேன். அவளுடைய தம்பி தயாளன் அனுப்பிய குறுஞ்செய்தி. மண்டபத்தை விட்டுப் போக மாற்று ஆளில்லை. பிள்ளைகள் மேலதிகத் தாள் கேட்டார்கள், கொடுத்தேன். அழக்கூட இடமில்லை.

நாங்கள் இருவரும் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் இருந்து பௌதிகவியல் படிப்பித்தவர்கள். எனக்கு இலத்திரனியல், அவளுக்கு வானம். நடுவில் விண்மீன்கள் ஒரு தண்டுபோல நீண்டு நிற்கும் சுருள் விண்மீன் மண்டலங்களில் மூலக்கூற்று வாயு என்ன செய்கிறது என்று ஆராய்ந்தாள். புது விண்மீன்கள் அந்த வாயுவிலிருந்துதான் பிறக்கின்றன. ஆனால் சில மண்டலங்களில் தண்டு நெடுக வாயு நிறைந்திருந்தும் ஒன்றும் பிறப்பதில்லை. அதுதான் அவளுடைய தலையிடி. தேநீர் ஆறிப்போகும், அவள் பேசிக்கொண்டே இருப்பாள்.

“வாயு இல்லாமல் இல்லையப்பா, எக்கச்சக்கமாக் கிடக்குது. தண்டு அதை ஒரு இடத்திலை இருக்க விட்டாத்தானே? இழுத்துக்கொண்டெல்லோ ஓடுது!”

அந்த வேகம்தான் காரணமா என்று அறுதியாகச் சொல்ல, கணினியில் பெரிய கணிப்பொன்றை ஓடவிட்டிருந்தாள். அது முடியுமுன் நோய் அவளைப் படுக்கையில் தள்ளிவிட்டது.

கணிப்பு முடிந்த அன்று மடிக்கணினியோடு ஆசுபத்திரிக்கு ஓடினேன். அவளால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை. “நீர் பாத்துச் சொல்லும். வேகம்தானோ?” என்றாள். திரை முழுக்க வண்ணத் திட்டுகள். எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

“வடிவா வந்திருக்கு, வத்சலா.”

“வடிவோ எண்டு நான் கேக்கேல்லை” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. கதைக்கும் நிலையில் இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்குக் கொடுக்க, எங்கள் வழக்கப்படி அவளுடைய உடுப்பிட்டி வீட்டில் கல்வெட்டு அச்சடித்திருந்தார்கள். தேவாரம், வாழ்க்கை வரலாறு, இரங்கற்பா எல்லாம் அந்த நினைவுப் புத்தகத்தில் முறையாக இருந்தன. முன்னட்டையில் பளபளவென்று ஒரு சுருள் விண்மீன் மண்டலம். அச்சகக்காரர் அழகானதாகத் தேடிப் போட்டிருக்கிறார், பாவம். அதன் நடு உருண்டையாக இருந்தது. தண்டே இல்லை.

என் கையில் ஒன்றைத் தந்துவிட்டுத் தயாளன் கண் கலங்கக் கேட்டான்: “அக்கா ஆராய்ஞ்சது உதுதானே, கமலாக்கா?”

“ஓம் தம்பி, இதுதான்” என்றேன். வேறு என்ன சொல்ல? சுற்றியிருந்த எல்லோர் மடியிலும் அதே படம் இருந்தது.

வத்சலாவை அறிந்தவர்களே, உங்கள் வீட்டில் இருக்கும் அந்தப் படம் அவளுடையது அல்ல. அவளுடையது என் கணினியில் இருக்கிறது. நான் வைத்திருப்பது அது ஒன்றுதான். அதை வாசிக்கத் தெரிந்த யாராவது ஒருநாள் எனக்கு விடை சொல்லக்கூடும். சொன்னால், நான் ஓடிப்போய் அதை யாரிடம் சொல்வேன்?