ஹில்டா டீச்சரின் இருபத்தோராவது சுற்று

பட்டாபிராமில் தையல் வகுப்பு நடத்திய ஹில்டா டீச்சருக்கு, அடுத்தவர் தப்பாகப் பேசினால் திருத்தாமல் இருக்க முடியாது. பிரசங்கத்துக்கு நடுவிலேயே ஃபாதரைத் திருத்தியவர். அப்படிப்பட்டவர், எண்பத்தேழாம் வருஷக் கோடையில், முதியோர் இல்லத்து ஓட்டைக் கூரையை மாற்றப் பணம் திரட்டக் கிணற்றில் நீந்தப் போவதாக அறிவித்தார். மொத்தம் இருபது சுற்று. சுற்றுக்கு இவ்வளவு என்று ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொள்ள வேண்டும். வெளிநாட்டில் இப்படித்தான் செய்கிறார்களாம்.

டீச்சருக்கு நாற்பத்தைந்து வயது, நல்ல கனத்த உடம்பு. இறங்கினால் கிணறு வழிந்துவிடும் என்று நாங்கள் சிரித்தோம்.

ஜனங்கள் பணம் கொடுத்தார்கள். சும்மா கொடுக்கவில்லை. ஒரு பொம்பளை கிணற்றில் இறங்கி உடம்பை வருத்திக்கொள்கிறாள் என்றால் அது வேண்டுதல்தானே?

"மூணாவது சுத்து எங்க ஊட்டுக்கு, டீச்சரம்மா. பொண்ணுக்கு மாப்ள தெகையணும்" என்றாள் பூங்காவனம். இன்னொருவர் மகனுக்கு ஃபேக்டரி வேலை கேட்டார்.

"இது வேண்டுதல் இல்ல, நிதி!" என்று டீச்சர் தொண்டை கிழியக் கத்தினார். யார் கேட்டது?

இருபது சுற்றும் தீர்ந்த பிறகு வந்தவள் இட்லிக்கடை கன்னியம்மாள். நாலு வயதாகியும் பேசாத மகளை இடுப்பில் வைத்திருந்தாள். "இவ பேசணும்" என்று இருபத்தோராவது சுற்றுக்கான காசைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

நீச்சல் நாளன்று டீச்சர் கணவரின் பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு கிணற்றில் இறங்கினார். கணவர் ஜோசப்ராஜ் லாரி டியூபைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படியில் நடுங்கினார். டீச்சர் அழகாக நீந்தினார். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டோம். இருபதாவது சுற்று முடியும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

"போதும் ஹில்டா, கூரைக்கு சேந்துச்சு. மேல வா" என்றார் ஜோசப்ராஜ்.

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கன்னியம்மாள் மட்டும் மகளோடு கைகூப்பி நின்றாள். "இது வேண்டுதல் இல்லம்மா" என்று முனகியபடி, ஒற்றைக் காலை உதைத்து உதைத்து இன்னொரு சுற்று வந்தார்.

அதோடு விட்டாரா? அடுத்த வாரமே தாயையும் மகளையும் ரயிலேற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றார்கள். காதுக்கு மெஷின் வந்தது. வாராவாரம் பேச்சுப் பயிற்சி. செவ்வாய்க்கிழமை தையல் வகுப்பை டீச்சர் நிறுத்தியே விட்டார். வழியெல்லாம் திட்டிக்கொண்டுதான் போவார். ஆனால் போகாமல் இருந்ததில்லை.

இரண்டாம் வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, நானும் வேலைக்குப் போக பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். அந்தப் பிள்ளை கன்னியம்மாளின் முந்தானையை இழுத்து, "அம்மா" என்றது. கன்னியம்மாள் டீச்சர் காலில் விழுந்துவிட்டாள்.

"எல்லாம் அன்னிக்கு கெணத்துல சுத்தி வந்தீங்களே, அந்த பலன்தான் டீச்சரம்மா!"

எத்தனை ரயில், எத்தனை டாக்டர், எத்தனை செவ்வாய்க்கிழமை! இப்போது வெடிக்கப் போகிறார் என்று நான் காத்திருந்தேன்.

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ஆமாம்மா" என்றார்.