வேரில் காய்த்த பழம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் பிளாக்கில், மனிதன் எப்படி உண்டானான் என்ற கேள்விக்கு வீட்டுக்கு ஒரு பதில் இருந்தது. எதிர் குவார்ட்டர்ஸ் டீச்சர் கிறிஸ்தவர். மாடி வீட்டு அக்கா முஸ்லிம். எங்கள் வீட்டில் சாமி கும்பிடும் நானும், சாமியே கிடையாது என்று யூனியன் கூட்டங்களில் முழங்கும் என் கணவரும். என் குழந்தை எட்டாம் மாதத்தில் இறந்தே பிறந்த பிறகு இந்தப் பதில்கள் எல்லாம் என்னைத் தேடி வந்தன. நான் யாரையும் கேட்கவில்லை. வந்து உட்கார்ந்து, டீயும் குடித்துவிட்டுப் போயின.

பெண் குழந்தை. முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு மயக்கம் தெளிவதற்குள் கணவர் அவளை ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றி, தெரிந்தவர் ஆட்டோவில் காடாம்புலியூருக்கு, தன் அம்மாவிடம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்து பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைக்கக் கூடாது, சடங்கு கூடாது, புதைத்த இடத்தைப் பெற்றவளுக்குச் சொல்லவே கூடாது. சொன்னால் அவள் அங்கே போய் அழுவாளாம். அழுதால் அடுத்தது தங்காதாம்.

"எங்கங்க வச்சீங்க?" என்று கணவரிடம் எத்தனையோ முறை கேட்டேன்.

"அம்மா சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. விடேன்" என்பார்.

குரங்கிலிருந்து மனிதன் வந்த கதையை மைக் பிடித்துப் பேசுகிறவர். மேடையில் குரங்கு, வீட்டில் அம்மா. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் கேட்டது பெரிதாக ஒன்றும் இல்லை. அவளைப் புதைத்த இடத்தில் நின்று ஒரே ஒரு தடவை அவள் பெயரைச் சொல்ல வேண்டும். வயிறு தெரிய ஆரம்பித்தபோதே பெயரை முடிவு செய்து வைத்திருந்தேன். இப்படி ஒருத்தி வந்து போனாள் என்று அந்த மண்ணுக்காவது தெரிய வேண்டாமா?

என்னைப் பார்த்துக்கொள்ள மாமியார் வந்தார். நன்றாகச் சமைப்பார், அதைக் குறை சொல்ல மாட்டேன். பூண்டு உரித்துக்கொண்டே படைப்பின் ரகசியத்தையும் சொல்வார்.

"பிரம்மன் குயவனாட்டந்தான். மண்ணப் பெசஞ்சி பானை பண்ணிகினே இருப்பான். ஒண்ணு ரெண்டு சக்கரத்துலயே கீறல் வுட்டுப் பூடும். அத்தத் தூக்கித் திரும்ப மண்ணுலயே போட்டுடுவான். கீறல் பானைக்கு எவனாவது பேரு வெப்பானா?"

"அது என் பொண்ணு அத்தை."

"தலையில எழுத்தே எழுதாம வுட்டது. அத்தப் போயி பொண்ணுங்கிற."

அன்று மாலை அவரே முழம் முழமாக மல்லிகைப் பூ வாங்கி வந்து என் மார்பில் வைத்துக் கட்டினார். பால் வற்றுவதற்கு. ரவிக்கை நனைந்து, பூவும் நனைந்து, வீடெல்லாம் கல்யாண வீடு மாதிரி மணந்தது. அது பிள்ளையே இல்லை என்றால் இந்தப் பால் யாருக்கு வந்தது அத்தை என்று கேட்க நினைத்தேன்.

டீச்சர் பிரெட்டும் ஹார்லிக்ஸும் கொண்டு வந்தார். இடுப்பில் பேரன். கடவுள் மண்ணால் மனிதனைச் செய்து அவன் மூக்கில் மூச்சை ஊதினார் என்று தொடங்கி, தின்னக் கூடாத பழத்தை முதல் பெண் தின்றதில் வந்து நிறுத்தினார்.

"அதனாலதாம்மா நமக்கெல்லாம் இந்தப் பிரசவ வேதனை."

"ஒரு பழத்துக்கா டீச்சர்?"

"தின்னாதன்னு சொல்லியும் தின்ன பழம்மா" என்றார். பேரன் என் தாலிச் சங்கிலியைப் பிடித்து இழுத்து விளையாடினான். அவனை அவர் கடைசி வரை கீழே இறக்கி விடவில்லை.

கணவருடையது இன்னொரு வகை ஆறுதல். மைன்ஸில் ஷிப்ட் முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். "நாங்க வெட்டுற கரி இருக்கே, கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால காடு அது. எதுவும் அழியறதில்ல. உருமாறும், அவ்வளவுதான்." அந்தக் காடு புதைந்த இடத்தை மட்டும் துல்லியமாகச் சொல்வார்.

யோசித்துப் பார்த்தால் எல்லா மதத்திலும் மூலப்பொருள் மண்தான். நெய்வேலியில் மண்ணுக்கா பஞ்சம்? தோண்டித் தோண்டி மலை மலையாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். என் பெண்மேல் தள்ளிய மண் எங்கே என்றுதான் ஒருவரும் சொல்லவில்லை.

மாடி வீட்டு அக்கா கடைசியாக வந்தார். உட்கார்ந்து என் காலைப் பிடித்துவிட்டார்.

"எங்கள்ல நாலாம் மாசம் மலக்கு வந்து ரூஹ ஊதுவாருன்னு சொல்லுவோம். வானவர் வந்து உசுர ஊதறது. உங்க புள்ள எட்டு மாசம். முழு உசுரும்மா அது. பேர் வெச்சி, குளிப்பாட்டி, வெள்ளத் துணி சுத்தி அடக்கணும். மறுமையில அது தொப்புள்கொடியாலயே அம்மாவ சொர்க்கத்துக்கு இழுத்துக்கினு போவும். நீங்க பொறுமையா இருந்தா."

அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆனால் என்னை அதிகம் வதைத்ததும் அவர் சொன்னதுதான். மற்றவர்கள் அவள் இல்லை என்றார்கள். அக்கா, இருந்தாள் என்றார். இருந்தவளைக் குளிப்பாட்டாமல், பெயர் சொல்லாமல், அழுக்குத் துண்டோடு எங்கேயோ போட்டிருக்கிறார்கள்.

தைப்பூசத்துக்கு வடலூர் போனேன். திரைகள் விலகி ஜோதி தெரிந்தது. எல்லா உயிருக்குள்ளும் இருப்பது இதே ஒளிதான் என்று பக்கத்தில் ஒரு அம்மா சொன்னார். அவளை எங்கே வைத்தார்கள் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் திரை விழுந்தது. பின்னாலிருந்தவர்கள் என்னைத் தள்ளினார்கள்.

வைகாசியில் மாமியார் ஊரிலிருந்து ஒரு பலாப்பழத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். வேர்ப்பலா. ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாது. ஹாலில் பேப்பர் விரித்து, கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டு கணவர் அதைப் பிளந்தார், மாமியாரும் எண்ணெய்க் கையோடு சுளை பிரித்தார். வாசம் மாடிப்படி ஏறியது. மாமியாரே குரல் கொடுத்து எல்லோரையும் கூப்பிட்டார். டீச்சர் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுச் சாப்பிட்டார். பேரனுக்கும் பிய்த்துப் பிய்த்து ஊட்டினார். அக்கா பிஸ்மி சொல்லி ஒரு சுளை எடுத்து, "தேனாட்டம் இருக்குதும்மா" என்றார். நானும் தின்றேன். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வாய்க்கு ஒன்று ருசித்தது.

மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. "தோப்பு மூலையில பேருக்கு ரெண்டு காய்ச்சிகினு இருந்த மரம். வெட்டிடலாம்னு இருந்தேன். இந்த வருசம் பாரு, அடியில மண்ணப் பொளந்துகினு காய்ச்சிருக்குது. வெச்ச ஒரம் அப்பிடி."

கணவரின் கை பாதியில் நின்றது.

"என்ன உரம் அத்தை?" என்றேன்.

நான் கணவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பேப்பரைப் பார்த்தார்.

மாமியார் மழுப்பவில்லை. கையிலிருந்த பிசினைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "எங்க பக்கம் பால் வடியிற மரத்தடியிலதான் வெப்பாங்க. பால் குடிக்காமப் போனதுக்குப் பால் மரந்தான் தாயி. என்னாத்துக்கு மொறைக்கிற? வீணாப் பூடலயே."

டீச்சர் பேரனின் வாய்க்குள் விரலை விட்டு, மென்றுகொண்டிருந்ததைத் தோண்டி எடுத்தார். செருப்பைக்கூட மாட்டாமல் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து, கையைத் தன்னிடமிருந்து தள்ளி நீட்டி வைத்துக்கொண்டு அழுதார். கணவர், "உருமாற்றம்தானே, எல்லாச் செடிக்கும் மண்ணிலேர்ந்துதான..." என்று ஆரம்பித்தவர் வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தார். அவருடைய அறிவியல் அவ்வளவு நேரம்தான் தாங்கியது.

தட்டில் ஒரு சுளை மிச்சம் இருந்தது. நான் அதன் முன்னால் உட்கார்ந்து அவள் பெயரைச் சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். மாமியார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மறுபடியும் சொன்னேன். பிறகு சுளையை எடுத்து வாயில் போட்டேன்.

"அய்யய்யோ, பேரச் சொல்லிட்டுத் தின்றியே, துப்புடி! துப்பு!" என்று மாமியார் என் தாடையைப் பிடித்து அமுக்கினார். அவர் கையெல்லாம் எண்ணெய். வழுக்கியது. நான் நன்றாக மென்று விழுங்கினேன்.

அந்தப் பழத்தைத் தெரிந்தே தின்றவள் எங்கள் பிளாக்கில் நான் ஒருத்திதான்.