இல்லாத அண்ணரின் முப்பத்தோராம் நாள்

லாஸ் வேகாஸுக்குப் போவதை ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தது நான்தான். பயணத்தை முன்கூட்டியே சொன்னால் கண்ணூறு படும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதோடு சூதாட்ட நகரம் என்று வாய் திறந்தால், ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் நிறைந்த ஸ்கார்பரோவில் அந்தக் கதைக்குக் கைகால் முளைத்து, வீட்டை அடகு வைத்து விளையாடினோம் என்று எங்கள் காதுக்கே திரும்பி வரும். ஊருக்குச் சொல்லாததில் பிழையில்லை. அக்காவிடம் பொய் சொன்னதுதான் பிழை.

அக்கா அங்கேயே மில்லிக்கனில் தனியாக இருக்கிறாள். அத்தான் போய் ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை. அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. மார்பில் தட்டுப்பட்ட கட்டியிலிருந்து ஊசியால் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு எந்த நேரமும் வரலாம். அந்த வாரத்தில் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு உல்லாசப் பயணம் போகிறோம் என்று எந்த முகத்தோடு சொல்வது?

"மொன்றியல்லை இவரின்ரை ஒண்டுவிட்ட அண்ணருக்கு முப்பத்தோராம் நாள். போகாட்டிக் குறை நினைப்பினம்" என்றேன். அப்படி ஓர் அண்ணர் இருந்ததும் இல்லை, செத்து முப்பத்தொரு நாள் ஆனதும் இல்லை. செத்த வீடு என்றால் எங்கள் ஆட்கள் மேற்கொண்டு துருவ மாட்டார்கள், அந்தத் துணிவு.

மறுநாள் அக்கா ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் எங்கள் வீடு வரை வந்து ஒரு பை நிறையப் பருத்தித்துறை வடை தந்தாள்.

"வெறுங்கையோட போகாதை. அந்தப் பெம்பிளையிட்டைக் குடு. பாவம், தனிச்சுப்போச்சு."

இல்லாத ஒரு விதவைக்காக, ஊசி போட்ட இடம் ஆறாத உடம்போடு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றிருக்கிறாள். பையை வாங்கிக்கொண்டேன். ஒரு சாவை என் வாயாலேயே கூப்பிட்டுவிட்டேனோ என்ற பயம் அப்போது பிடித்தது. பிறகு அது விடவில்லை.

லாஸ் வேகாஸில் நாங்கள் தங்கிய ஹோட்டலில் அறைக்குப் போவதென்றாலும் சூதாட்டக் கூடத்துக்குள்ளால்தான் போகவேண்டும். அங்கே யன்னலும் இல்லை, மணிக்கூடும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் அந்த இரைச்சலுக்கு நடுவே அக்கா அழைத்தாள்.

"என்ன சத்தம் உது?"

"ஹோல்லை சின்னப்பிள்ளையள் விளையாடுதுகள் அக்கா."

"டொக்டரின்ரை ஒபிசிலை இருந்து கோல் எடுத்தவை. திங்கள் ரெண்டு மணிக்கு வரட்டாம். ஆரையேன் கூட்டிக்கொண்டு வரட்டாம்" என்றாள்.

கூட ஆளோடு வரச் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? "ரோட்டெல்லாம் ஸ்நோ அக்கா, நாங்கள் வாறதுக்குச் செவ்வாய்க்கிழமை ஆகும்" என்றேன். வாய் கூசவேயில்லை.

"சரி, அவசரப்பட்டு ஓடாதேங்கோ" என்றாள்.

இவரிடம் சொன்னேன். "அவை எல்லாருக்கும் உப்பிடித்தான் சொல்லுவினம்" என்றார். திங்கட்கிழமை நீங்கள் பாலைவனம் பார்க்கப் போங்கள், நான் அறையிலேயே இருந்துவிடுகிறேன் என்றேன். பிள்ளைகள் முகத்தைத் தூக்கினார்கள், நானும் காரில் ஏறினேன்.

நாங்கள் போன பாலைவனத்துக்கு ஆங்கிலத்தில் சாவுப் பள்ளத்தாக்கு என்றே பெயர். பெயரைப் பார்த்தபோதே திரும்பியிருக்க வேண்டும். அரை வழியில் சிக்னல் இல்லாமல் ரெலிபோன் செத்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை உப்புத்தரை, ஒரு பறவைகூட இல்லை. என் கைக்கடிகாரத்தில் பதினொரு மணி. ரொறன்ரோவில் இரண்டு. இப்போது அக்காவின் பெயரைக் கூப்பிடுவார்கள், இப்போது அவள் தனியாக எழும்பி உள்ளே போவாள் என்று நினைத்தபடி நின்றேன். மகன் வடைப் பையை அவிழ்த்து, "பெரியம்மாவின்ரை வடை சுப்பர்" என்றான். ஒன்றை எனக்கும் நீட்டினான். தின்ன முடியவில்லை.

பின்னேரம் ஒரு பெற்றோல் நிலையத்தில் ரெலிபோனுக்கு உயிர் வந்தது. அக்கா குரலில் ஒரு செய்தி விட்டிருந்தாள்.

"பிள்ளை, நான் இண்டைக்குப் போகேல்லை. புதன்கிழமைக்கு மாத்தித் தரச்சொல்லிக் கேட்டனான். நீ வந்தாப்பிறகு ரெண்டு பேருமாப் போவம். பயப்பிடாதை, நான் கோவிக்கேல்லை. உன்ரை மகள் இன்ரநெற்றிலை போட்ட வேகாஸ் படத்தை வெள்ளிக்கிழமையே கண்டனான். நீ நல்லாச் சிரிச்சுக்கொண்டு நிண்டாய். அதைக் குழப்ப மனம் வரேல்லை."

வெள்ளிக்கிழமையே. அப்படியென்றால் சனிக்கிழமை அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேட்டபோது அவளுக்கு எல்லாம் தெரியும். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறாள். நான் அந்த இடத்திலும் பொய்யையே சொன்னேன். வெட்கத்தில் காரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

இவர் ஓடி வந்து, "றிசல்ற் கூடாதோ?" என்றார்.

"இன்னும் தெரியாது."

புதன்கிழமை தெரிந்தது. கூடாதுதான், புற்றுநோய் என்றார்கள். மருத்துவர் சொல்லி முடிக்கும்வரை அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் பயப்படாமல் இருக்கிறேனா என்று என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.